எந்த விரல்

வலது கையில் இரண்டு முட்டி வலித்தபோது
இருபது வருடம் ஸ்பேனர் பிடித்த கை, வலிக்கும் என்றேன்.
முகம் கருத்தபோது
கில்லிபெக்ஸ் துறையில் ஏதப்பா இவ்வளவு வெயில் என்று
மீன் எடை போடுகிறவன் சிரித்தான்.
ஐந்து மணிக்கே படுத்துவிடுவேன்.
பாதிரியார்கூடச் சோம்பலைப் பற்றி
ஜாடையாக ஒரு ஞாயிறு பேசிப் பார்த்தார்.

ஃபெரிட்டின், என்றாள் லெட்டர்கெனி நர்ஸ் பிரீஜ்.
ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு.
முந்நூறைத் தாண்டினாலே கூப்பிட்டு விசாரிப்பார்களாம்.

படகு என்ஜின்களைத் திறந்து மூடுகிறவன் நான்.
இரும்பு துருப்பிடிக்கும், தேயும், உடையும்;
சேர்ந்துகொண்டே போகும் என்று கேட்டதில்லை.
போதும் என்று சொல்லத் தெரியாத குடலாம் எனக்கு.
வாங்கி வாங்கி ஈரலில் அடுக்குகிறதாம்,
இதயத்தில், மூட்டில்.
உள்ளே வர வாசல் உண்டு.
வெளியே போக, ஊசி போட்ட இந்த ஓட்டைதான்.

விஸ்கி கூடாது.
சிப்பி?
பச்சையாகவா தின்பீர்கள்?
வேறெப்படித் தின்பது?
அதுவும் கூடாது.

வாரம் ஒரு பை. அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவு.
பை நிறைவதைப் பார்த்தபடி அவள் விளக்கினாள்:
அப்பா ஒரு பங்கு, அம்மா ஒரு பங்கு.
தனித்தனியாக அவர்களை ஒன்றும் செய்யவில்லை.
இரண்டும் உங்களிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

உடன்பிறந்தவர் உண்டா?

இல்லை என்றேன்.
பிறகு, மேனஸ் என்றேன்.

அப்பாவின் உயில்: படகு மேனஸுக்கு,
கொட்டகை யூனனுக்கு.
கொட்டகை மிதக்காது.
ஒன்பது வருடம் ஆகிறது, ஒரே துறையில்
இருவரும் வேறு வேறு பக்கம் பார்த்து நடந்து.

நாலில் ஒரு வாய்ப்பு, என்றாள் பிரீஜ்,
பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு.
சொல்லிவிடுங்கள்.

மூன்றாவது பைக்குப் பிறகுதான் போன் செய்தேன்.

யார் செத்தது? என்றான் எடுத்ததும்.
யாருமில்லை. உனக்கு விரல் வலிக்கிறதா?
கடல்காகங்கள் கத்தின.
எந்த விரல்?
ஆட்காட்டி விரல், நடுவிரல். முட்டியில்.

அவன் பேசவில்லை.
வைத்துவிடவும் இல்லை.
அவனுக்குப் பின்னால் அப்பாவின் படகு
நின்ற இடத்தில் ஓடிக்கொண்டிருந்தது.
மூன்றாம் சிலிண்டரில் இன்ஜெக்டர் தட்டியது,
தெளிவாகக் கேட்டது எனக்கு.

அதை இன்றைக்குச் சொல்லவில்லை.