நானூற்றுப் பதினேழாவது உருளை

பகலில் எதுவும் வாய் திறக்காது.
வெயில் எல்லாவற்றுக்கும் ஒரே காய்ச்சலைக் கொடுத்துவிடும்:
கல்லுக்கும் கம்பிக்கும் என் தலைக்கவசத்துக்கும்.
அதனால்தான் இரவு.
இரண்டு மணிக்கு மேல்,
மலை தன் சூட்டைக் கொட்டித் தீர்த்த பிறகு,
எட்டு கிலோமீட்டர் கன்வேயர் ஓரமாக
நடக்கத் தொடங்குவேன்.
கலாமாவுக்குக் கிழக்கே
பூஜ்யத்துக்குக் கீழே ஆறு டிகிரி.

கேமராவுக்குள் உலகம் கத்தரிப்பூ நிறம்.
பெல்ட்டில் ஓடும் தாமிரக் கல் இருட்டு.
உருளைகள் வரிசையாக
வெந்தும் வேகாத மஞ்சள்.
நரி வந்தால் மட்டும் வெள்ளை.
எழுந்து போன பின்னும்
அது படுத்திருந்த மணல்
கொஞ்ச நேரம் நரியாகவே கிடக்கும்.

போன ஜூலையில் நான் ஆலையை நிறுத்தினேன்.
புது எஃகுக் குழாய். முகம் பார்க்கலாம்,
அப்படித் தேய்த்திருந்தார்கள்.
அதன் வயிற்றில் தகதகவென்று ஒரு புள்ளி.
ரேடியோவில் கத்தினேன்.
நாற்பது நிமிடம் எல்லாம் நின்றது.
எலியேசர் கையுறையைக் கழற்றி
உள்ளங்கையைக் குழாயில் வைத்தான்.
சில்லென்று இருக்கிறதே, யாஸ்னா.

அந்தப் புள்ளி நான்.
என் முகத்து வெக்கையைத்தான்
எனக்கே திருப்பிக் காட்டியிருக்கிறது.
மினுக்கும் உலோகம் தன்னைச் சொல்லாது,
எதிரே நிற்பவரைச் சொல்லும்.
பயிற்சியின் முதல் நாளே
சொல்லிக் கொடுத்ததுதான்.

ஓர்மெனோ அந்த நாற்பது நிமிடத்தை டாலராக்கி
பலகையில் எழுதினார்.
ஒரு வாரம் யாரையும் அழிக்க விடவில்லை.
என் பெயரை எழுதவில்லை, அது வேறு.

அன்றிலிருந்து என் பையில் கறுப்பு டேப்.
பளபளப்பின் மேல் ஒரு துண்டு ஒட்டினால் போதும்,
உலோகம் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடும்.

இன்று நானூற்றுப் பதினேழு.
அக்கம்பக்கத்தில் எட்டு, ஒன்பது, மறுபடி எட்டு.
இது நாற்பத்து மூன்று.
காதை நீட்டிக் கேட்டேன், முனகல்கூட இல்லை.
சத்தம் வர இன்னும் பத்து நாள் ஆகலாம்.
புகை வர அதற்கும் மேலே இரண்டு நாள்.
அப்புறம் ரப்பர், அப்புறம் காற்று.
இப்போதைக்கு
உள்ளுக்குள் புழுங்குகிறது, அவ்வளவே.

டேப்பை ஒட்டினேன்.
இடப்பக்கம் இரண்டடி நகர்ந்தேன்.
புள்ளி நகரவில்லை.
வலப்பக்கம்.
உட்கார்ந்தேன், எழுந்தேன்,
கையால் முகத்தை மூடிக்கொண்டு
விரலிடுக்கில் பார்த்தேன்.
அது அங்கேயே இருந்தது.
அது நானில்லை.

நாற்பத்து மூன்றா?
ஓர்மெனோ ரேடியோவில் சிரித்தார்.
என் கையிலிருக்கும் மேட் தேநீர்
அதைவிடச் சூடு, பெண்ணே.
தேநீர் ஆறிக்கொண்டிருக்கிறது, என்றேன்.
இது ஏறிக்கொண்டிருக்கிறது.
போன வாரம் பத்தொன்பது.

கொஞ்ச நேரம் கரகரப்பு மட்டும்.
பலகையை அவர் திரும்பிப் பார்க்கிறாரோ என்று தோன்றியது.

இருபத்தைந்து நிமிடம்.
ஒன்றுகூட அதிகமில்லை.

பெல்ட் நின்றதும்
பாலைவனம் ஓசையோடு நெருங்கி வந்தது:
எங்கோ ஒரு தகரம், எங்கள் பற்கள்.
எலியேசர் ஜாக்கி வைத்துத் தூக்கினான்.
கையால் சுழற்றிப் பார்த்தபோது
உருளை அரைச் சுற்றில் தயங்கி,
மணலைக் கடிப்பதுபோல் கடித்தது.
அவன் ஒன்றும் சொல்லவில்லை.
புதியதை மாட்டினான்.
இருபத்து மூன்று நிமிடம்.

பழையதைப் பின்னால் போட மனமில்லாமல்
முன்னிருக்கையில் எங்கள் காலடியில் வைத்தான்.
வண்டியின் ஹீட்டர் மே மாதமே செத்துவிட்டது.
முதலில் யார் குனிந்தோம் என்று நினைவில்லை.
கையுறைகளைக் கழற்றி
விறைத்த விரல்களை அதன் முனையில் விரித்தோம்.
கதகதவென்று இருந்தது.
எட்டு கிலோமீட்டரை எரிக்கப் பார்த்த சூடு
இரண்டு பேரின் கைக்குச் சரியாக இருந்தது.

வாயில் விளக்கு தெரிந்ததும் கையை எடுத்தேன்.
சும்மா ஒரு முறை கேமராவைக் குனிந்து காட்டினேன்.
மஞ்சள் உருளையில் நான்கு கறுப்புக் கைகள்,
விரல் விரலாக.
எலியேசர் எட்டிப் பார்ப்பதற்குள்
மூன்றாகி, இரண்டாகி,
கட்டைவிரல் ஒன்று மட்டும்
மேடு பள்ளத்தில் குலுங்கியபடி
கொஞ்ச தூரம் வந்தது.