வேறு எனின் குறிப்பிடுக

படிவத்தில் நாலு பெட்டிகள்:
வெள்ளம், புயல், வரட்சி, மின்னல்.
ஐந்தாவதன் பக்கத்தில்
'வேறு எனின் குறிப்பிடுக' என்று
ஒன்றரை அங்குலக் கோடு.

சாம்பல்தீவுப் பாலம் தாண்டி
ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு
சித்திரவேல் முற்றத்தில் நிற்கிறேன்.
முற்றம் இருக்கிறது.
வீடு, இழுத்துத் திறந்த தீப்பெட்டி.
சாமிப்படம், மருந்துப்போத்தல், கட்டிலடிப் பெட்டி,
யாரும் பார்க்கக்கூடாதென்று வைத்ததெல்லாம்
வெயிலில் கிடக்கிறது.

மூன்று பத்துக்கு வந்தது.
மூன்று பதின்மூன்றுக்குப் போய்விட்டது.
"பிளேன்ரீக்குக் கேத்தல் வைச்சனான்,
தண்ணி கொதிக்கேல்ல, அதுக்குள்ள"
என்கிறாள் பேரின்பநாயகி.

களப்பில் அது எழும்பியதை முதலில் கண்டவர்
வலை இழுத்துக்கொண்டிருந்த ரிஃபாய்.
ஆனை தும்பிக்கையை விட்டுக் குடிக்கிற மாதிரி,
பாக்க வடிவாயும் இருந்திச்சு என்கிறார்
தலையைக் குனிந்துகொண்டு.

காற்றுகளோடு பிறந்து வளர்ந்தவள் நான்.
கச்சான் அடித்தால் உதடு வெடிக்கும்,
சோற்றில் மணல் நெரிபடும்.
வாடை வந்தால் கடலுக்குப் போவோர்
கரையில் இருந்து கடதாசி விளையாடுவர்.
இரண்டுக்கும் மாதம் உண்டு, மரியாதை உண்டு.

புயலென்றால் மூன்று நாள் முந்தியே வானொலியில் வரும்.
அதற்குப் பெயர் இருக்கும்,
எந்த நாடு பெயர் வைத்ததென்றும் சொல்வார்கள்.
பள்ளிக்கூடம் திறந்து பாய் விரிப்போம்.
கிடாரத்தில் கஞ்சி.
அறுபத்துநாலின் புயலைப் பற்றிக் கதைப்போர்
இன்றைக்கும்
'நாங்கள்' என்றுதான் தொடங்குவார்கள்.

பேரின்பநாயகி 'நான்' என்று தொடங்குகிறாள்.

அடியால் அளந்து பார்த்தேன்.
அகலம் முப்பத்தெட்டு எட்டு.
புயலுக்கு முந்நூறு கிலோமீற்றர் வேண்டும்,
இதற்கு ஒரு வளவு போதும்.
கூரைத் தகரம் ஒன்று
பனைக்குள் பாதி இறங்கி நிற்கிறது,
இரண்டு ஆம்பிளையள் தொங்கியும் வரவில்லை.
கிணற்றுக்கட்டு உடைந்து கிணற்றுக்குள்.
அலம்பல் வேலிக்கு அங்கால்
கமலரூபன் வீட்டுக் கொடியில்
மகளின் வெள்ளைச் சட்டை,
கிளிப் கூட அசையவில்லை.

கமலரூபன் மூன்று நாளாக முற்றம் கூட்டவில்லை.
கூட்டினால் என்ன நினைப்பார்களோ என்று.
சட்டையையும் எடுக்கவில்லை.
"கடவுள் காப்பாத்திப்போட்டார் எண்டு
சொல்லவும் ஏலாதே, மிஸ்,
அவருக்குக் கேக்கும்."

இந்த ஒழுங்கைக்கு அது புதிசில்லை.
இரவில் ஒரு வீட்டுக்கு மட்டும்
வந்து திரும்பிய வாகனங்களை அது அறியும்.
அடுத்த வீடுகள் விளக்கை அணைத்துவிட்டு
மூச்சை எண்ணிக்கொண்டிருந்ததையும்.
அதற்குப் படிவம் அடித்ததாக
என் அலுமாரியில் எதுவும் இல்லை.

நேற்றைய பேப்பரில் 'மினி சூறாவளி' என்று போட்டிருந்தது.
மினி பஸ், மினி முகாம், மினி சூறாவளி.
கோட்டில் அதைத்தான் எழுதவேண்டும்,
கச்சேரிக்கு விளங்கும்.
'மி' என்று எழுதியபோது
சித்திரவேல் பக்கத்தில் வந்து நின்றார்.
பேனை மக்கர் பண்ணுவதுபோல
உதறினேன்.

அவர் ஒன்றும் கேட்கவில்லை.
விழுந்த வளையைத் தூக்கித் தூக்கி
அதன் கீழ் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

பின்பக்கத்தைத் திருப்பினேன்:
காணாமல் போனவை, எண்ணிக்கை, பெறுமதி.
கூரைத் தகரம் இருபத்திரண்டு.
சைக்கிள் ஒன்று.
கோழி ஏழு, ஒன்று திரும்பி வந்தது, சிறகில்லாமல்.

"கேத்தலையும் எழுதுங்கோ" என்றாள் பேரின்பநாயகி.
எழுதினேன். ஒன்று.
பெறுமதி எவ்வளவு போட?

அடுப்புக் கல் மூன்றையும் பார்த்தாள்,
இடம் மாறாமல், சாம்பல் கூடக் கலையாமல்
இருந்தன அவை.

"தண்ணி கொதிக்கேல்ல
எண்டு போடுங்கோ."