என் முறை இல்லை

தம்பெரேயில் நவம்பர்.
மூன்றரைக்கே இருட்டிவிடுகிற ஊர்.
ஏழாவது மாடி, வெய்க்காவின் சமையலறை,
ஏலக்காய் ரொட்டி, உப்புப் போட்ட அதிமதுர மிட்டாய்,
மேசை முழுக்க நாங்கள் பென்சிலால் வரைந்த ஒரு நாடு.

அந்த நாட்டில் எனக்கு ஆறரை அடி உயரம்.
வலிமை பதினெட்டு.
எளியவர் பக்கம் நிற்பேன் என்று
வாள்மேல் கைவைத்துச் சத்தியம் செய்தவன்.
வெளியே, பல் மருத்துவமனையில் கணினி பழுதுபார்ப்பவன்.
பேருந்தில் யாராவது என்னை இடித்தால்
நான் மன்னிப்புக் கேட்பேன்.

ரைசா பாலம் கட்டுபவள்.
அவள் தாளில் ஆயுதம் என்று எதுவும் இல்லை:
தூக்குக்குண்டு, முழக்கோல், நான்கு வகைச் சுண்ணாம்பு.
அந்த ஆற்றைக் கடக்க
பதினான்கு வாரம் கணக்குப் போட்டாள்.
நாங்கள் கல் சுமந்தோம், முணுமுணுத்தோம்,
கடைசித் தூண் நின்றபோது
இல்மோ நாற்காலியில் ஏறிக் கத்தினான்.
கீழ்வீட்டுக்காரர் துடைப்பத்தால் கூரையை இடித்தார்.

பதினைந்தாவது வாரம், சத்திரத்தில்
மூன்று கூலிவீரர்கள் கதவைத் தாழிட்டார்கள் என்றான் வெய்க்கா.
குரலை இறக்கிக்கொண்டான். அது அவனுக்கு நன்றாக வரும்.
ரைசாவின் மேலங்கி முடிச்சு வரை வந்துவிட்டான்.

"வேண்டாம்," என்றாள்.
"பகடையை உருட்டு. தப்பித்தாலும் தப்பிப்பாய்."
"உருட்ட மாட்டேன். இந்தக் காட்சியே வேண்டாம்."
"அந்தக் காலம் அப்படித்தான், ரைசா.
உலகத்தை உள்ளபடி காட்டுகிறேன்."

எந்தக் காலம்?
அந்த நாட்டுக்கு இரண்டு நிலா.
அதன் நாட்காட்டியை அச்சடித்தது
இதே வீட்டு பிரிண்டர்.

யார்க்கோ சிரித்தான், பழக்கத்தில்.
நான் என் தாளைப் பார்த்தேன்.
வரைபடப்படி, அந்தக் கதவுக்கு ஆறடியில்தான் நின்றிருந்தேன்.
ஆனால் என் முறை வரவில்லை.
விதி விதிதானே என்று
ஒரு மிட்டாயை வாயில் போட்டேன்.
பேசாமலிருக்க அது வசதி.

அவள் பகடைகளைப் பொறுக்கினாள்.
குளிர்கோட்டு. கழுத்துத்துணி. ஒரு காலணி, மறு காலணி,
கயிறு, முடிச்சு.
எங்கள் ஊரில் வீட்டைவிட்டுப் போக நெடுநேரம் ஆகும்.
அத்தனை நேரமும் எங்களுக்கு இருந்தது.
நான்கு ஆண்களுக்கு ஒரு வாக்கியம் அகப்படவில்லை.

லிஃப்ட் இறங்கியது.
பாலத்திலிருந்து தவறி விழுந்தாள் என்று
குறிப்பேட்டில் எழுதினான் வெய்க்கா.
அவள் கட்டிய பாலத்திலிருந்து.

கடைசிப் பேருந்தில்தான் சிலந்திகள் நினைவுக்கு வந்தன.
மூன்று வருடம் முன்பு, குகைக்குள் நுழையுமுன்
இல்மோ சொன்னான்: எனக்குச் சிலந்தி ஆகாது.
அவ்வளவுதான். ஏன் என்று கேட்கவில்லை.
வெய்க்கா பென்சிலைத் திருப்பி
பதினொரு சிலந்திகளை ரப்பரால் அழித்துவிட்டு
ஓநாய்கள் போட்டான்.
அன்றிலிருந்து எங்கள் உலகத்தில் சிலந்தியே கிடையாது.
அப்படியானால் ஈக்களை யார் தின்கிறார்கள்
என்றுகூட ஒருவரும் கேட்டதில்லை.

ஏப்ரலில் நூலகத்தின் பின்னறையில்
ரைசா ஆட்டம் நடத்துகிறாள் என்று தெரிந்து போனேன்.
அன்று ஹீட்டருக்கடியில் உருண்டுபோன
அவளுடைய இருபது முகப் பகடை, ஆரஞ்சு நிறம்,
ஐந்து மாதமாக என் பையில்.
மேசைமேல் வைத்தேன்.
"வேறு வாங்கிவிட்டேன்," என்றாள்.
உட்கார் என்று சொல்லவில்லை; போ என்றும் சொல்லவில்லை.

ஆளுக்கொரு துண்டுத்தாள் வந்தது.
இந்த மேசைக்கு வரக்கூடாதவற்றை எழுதுங்கள்,
பெயர் வேண்டாம்.
பக்கத்திலிருந்த சிர்க்கு, ஓய்வுபெற்ற செவிலி,
சட்டென்று இரண்டு சொல் எழுதி நான்காக மடித்தாள்.
இன்னொரு பெண் பின்பக்கமும் எழுதினாள்.

நான் பென்சிலைப் பிடித்தபடி இருந்தேன்.
இருபது வருட ஆட்டத்தில்
என்மேல் வராதிருக்க வேண்டுமென்று
நான் அஞ்சிய ஒன்று உண்டா?
வாள்வெட்டு, நெருப்பு, சாவு,
எல்லாம் எனக்குப் பொழுதுபோக்காகவே இருந்திருக்கிறது.

வெற்றுத் தாளைத்தான் மடித்துக் கொடுத்தேன்.
அவள் பிரித்துப் பார்த்தாள்.
மற்றவற்றோடு சேர்த்து வைத்துவிட்டு
வரைபடத்தை விரித்தாள்.
ஒரு ஆறு. பாலம் இல்லை.
"தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது," என்றாள்.