அழுந்தின தாள்

புதுவயலில் மத்தியானம்
அவித்த நெல் வாசம் வகுப்புக்குள் வரும்.
மணி அடிக்க இன்னும் எவ்வளவு நேரம் என்று
வயிறு சொல்லிவிடும்.
பர்மாவில் பணம் பண்ணிய யாரோ
கட்டிக் கொடுத்த பள்ளிக்கூடம்.
தேக்குத் தூணில் பேர் செதுக்கப் போனால்
காம்பஸ் முனைதான் வளையும்.

என் பக்கத்தில் மைமூன்,
காதர் கடை மைமூன்.
எழுத்து அச்சுப் போல இருக்கும் என்பதால்
சாயங்காலம் கடையின் பற்று நோட்டு அவள் கையில்.
அத்தா நிறுப்பார், அவள் எழுதுவாள்.

அம்மா பையை மட்டும் கொடுத்து அனுப்புவாள்:
"அரைக் கிலோ துவரம்பருப்பு,
நூறு கடலெண்ணெய்,
எழுதிக்கச் சொல்லு."
நான் சொல்ல மாட்டேன்.
புளி மூட்டை ஓரமாக நின்று
தராசு முள் அடங்குவதையே பார்ப்பேன்.
மைமூன் தலை நிமிராமல் எழுதுவாள்:
மில்லு சூசை.
அந்தச் 'சூ'வுக்கு அவள் போட்ட சுழி
காலையில் கட்டுரை நோட்டில்
'மிக நன்று' வாங்கிய அதே சுழி.

என் அப்பாவின் பாக்கி எவ்வளவென்று
வகுப்பில் ஒருத்திக்குத் தெரியும்.
அவளே கொடுக்காப்புளியைப் பங்கு வைப்பாள்.
எனக்குப் பெரிய பங்கு வந்த நாளெல்லாம்
அவளைப் பிடிக்காது.

ஏழாம் வகுப்பு. ஐப்பசி மழை.
பத்து நாளாகக் களத்தில் நெல் காயவில்லை;
நெல் காயாவிட்டால் அப்பாவுக்குக் கூலி இல்லை.
என் கணக்கு நோட்டும் அந்த வாரம்தான் தீர வேண்டுமா?
மைமூன் பைக்குள் கைவிட்டு ஒரு தாள் எடுத்தாள்,
நீளமாக, ஓரத்தில் சிவப்புக் கோடு போட்டது.
"அத்தாவுக்குத் தெரியாது" என்றாள்.
அவ்வளவுதான்.

ராத்திரி கரண்ட் போய்
அரிக்கேன் வெளிச்சத்தில்
வட்டத்தின் பரப்பளவு போடும்போது
விரலில் மேடு பள்ளம் தட்டியது.
பென்சிலைப் படுக்க வைத்துத் தேய்த்தேன்.
கறுப்புக்குள்ளிருந்து
வெள்ளை வெள்ளையாக எழுந்து வந்தது ஊர்.

மாசக் கடைசிப் பாக்கிப் பட்டியல்.
மில்லு சூசை, நாற்பத்தேழு ஐம்பது.
எங்களுக்கு மேலே தபால்காரர்.
கீழே, முன்வாசல் ஒரு தெருவிலும்
பின்வாசல் மறு தெருவிலும் திறக்கிற
அந்தப் பெரிய வீடு, இருநூற்றுப் பதினொன்று.
அதற்கும் கீழே
அடைக்கம்மை டீச்சர்,
காப்பித்தூள், முப்பத்திரண்டு.

அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

வெள்ளிக்கிழமை டீச்சர் பரீட்சை ஃபீஸ் கேட்டார்.
"செலின், எந்திரி.
உங்க வீட்டுல வாங்கத்தான் தெரியுமா,
கட்டத் தெரியாதா?"
நாற்பத்து மூன்று பேர் திரும்பினார்கள்.
நினைக்குமுன் வாய் சொல்லிவிட்டது:
"உங்க காப்பித்தூள் முப்பத்திரண்டு ரூபா, டீச்சர்."

யாரும் சிரிக்கவில்லை.
ஓட்டிலிருந்து மழை சொட்டியது கேட்டது.
டீச்சர் என்னைப் பார்க்கவே இல்லை,
மைமூனைப் பார்த்தார்.

திங்கட்கிழமை பற்று நோட்டு
அவள் அண்ணன் கைக்குப் போயிருந்தது.
கோழி கிளறின எழுத்து.
'சூசை'யைக் குறிலாக்கிச் 'சுசை' என்று எழுதினான்.
மைமூன் சன்னலோரப் பெஞ்சுக்கு மாறினாள்.
பெரிய பரீட்சை வரை பேசவில்லை,
எட்டாம் வகுப்புக்கு வரவில்லை.

தை அறுவடையில் அப்பா பாக்கியைக் கட்டினார்.
டீச்சர் கட்டினாரா, தெரியாது.

இன்றைக்குக் காரைக்குடி வங்கியொன்றில்
நகைக்கடன் சீட்டு எழுதுவது என் வேலை.
எழுதி முடித்ததும்
அடுத்த தாளைக் கட்டைவிரலால் தடவுகிறேன்.
மேனேஜர் இதை ஒரு வியாதி என்கிறார்.

அந்த நோட்டின் பின்பாதி முழுக்கக் காலி.
அழுந்தாத தாள் எத்தனையோ இருந்தது.
பட்டியலுக்கு நேர் அடியில் கிடந்ததை
எனக்கென்று கிழித்தாயே மைமூன்,
கைக்கு வந்ததா,
பார்த்துக்கொள் என்று கொடுத்ததா?