கோறைச் சத்தம்

தொடையிலிருந்து சீவிய தோல்
சிகரெட் பெட்டிக்குள் வரும் தாளைவிட மெல்லியது.
வெளிச்சத்தில் பிடித்தால்
மறுபக்கம் என் விரல் தெரியும்.
அதற்கென்று சொந்தமாக ஒரு சொட்டு இரத்தம் இல்லை.
முதல் இரண்டு நாளும்
கீழே சதை கசியவிடும் நீரை
உறிஞ்சிக்கொண்டு கிடக்கும்.
மூன்றாம் நாள்தான் கீழிருந்து ஒரு நாளம்
மேலுள்ள நாளத்தின் வாயைத் தடவித் தேடும்.
ஒரு நூல் இடைவெளி விழுந்தாலும் போதும்,
இரண்டும் சந்திக்காது.

இதைப் பரீட்சையில் எழுதி
நல்ல புள்ளி வாங்கியவள் நான்.

பதினாறாம் கட்டில். றெஜினோல்ட், நாவாந்துறை.
தொழில்: ரைல்ஸ் பதித்தல்.
முத்திரைச்சந்தியில் ரிப்பர் ஒன்று
முழங்காலுக்குக் கீழே
தோலைக் காலுறைபோல் உரித்துவிட்டது.

ஒட்டிய அன்றிரவு ஒன்றரைக்கு
கட்டுத்துணியில் இரண்டு ரூபாய்க் குற்றி அளவு சிவப்பு.
பேனையால் சுற்றி வட்டம் போட்டு நேரம் எழுதினேன்.
மூன்றுக்கு, வட்டத்தைத் தாண்டியிருந்தது.
இன்னொரு வட்டம்.
வட்டம் போடுவதும் ஒரு வேலைதானே.
சேரை எழுப்பவில்லை.
போன கிழமை வேறொரு கட்டிலுக்காக எழுப்பியபோது
"இதுக்கோ?" என்று கேட்ட குரல்
இன்னும் காதுக்குள் இருந்தது.

ஐந்து மணிக்குக் கறை பரவவில்லை.
நின்றுவிட்டது என்று எழுதினேன்.
நின்றது
வெளியே வருவதுதான்.

ஐந்தாம் நாள் அவிழ்த்தோம்.
ஓரமெல்லாம் இளஞ்சிவப்பு, நன்றாகப் பிடித்திருந்தது.
நடுவில் உள்ளங்கையகலத்துக்குக் கறுப்பு.
விரல் வைத்ததும் தோல் வழுக்கி விலகியது.
கீழே ஈரல் துண்டு போல உறைந்த இரத்தம்,
அவனுடையதே,
அவனுக்கே தடையாக.

"இரவு ஆரும் பாக்கேல்லையோ?"
வட்டங்கள் இருந்த துணி
ஏற்கெனவே மஞ்சள் பைக்குள் போயிருந்தது.
நான் வாயைத் திறக்க முந்தி
"நான்தான் சேர், எழும்பி நடந்தனான்" என்றான் றெஜினோல்ட்.

பின்னேரம் தனியாகப் போய்க் கேட்டேன்.
"உண்மையா நடந்தனீங்களோ?"
"உங்களுக்கு எது வசதி, டொக்ரர்?"

பிறகு அவனே கதைத்தான்,
என் முகத்தைப் பார்க்காமல்.
"ரைல் பதிச்சு அடுத்த நாள் சாவியாலை தட்டிப் பாப்பம்.
கோறையெண்டால் சத்தம் காட்டிக் குடுக்கும்.
ரைலும் திறம், நிலமும் திறம்,
நடுவிலை காத்து நிண்டால் முடிஞ்சுது.
இணுவிலிலை ஒரு வீட்டுக்காரன் கனடாவிலை இருந்துகொண்டு
வீடியோ கோலிலை விறாந்தை முழுக்கத் தட்டுவிச்சவன்.
எண்பத்தாறு ரைல்.
ஒண்டு மட்டும் கோறை.
பேசாமல் அடுத்ததைத் தட்டினன்.
அந்த வீட்டிலை ஆரும் நடக்கிறேல்லை,
இண்டைக்கும் உடையேல்லை."

சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.
இந்தக் காலில் அவன் நடக்கவேண்டும்.

இரண்டாம் முறை
கத்தி நுனியால் தோலெங்கும் துளையிட்டேன்.
முழுத்தோல்தான் வடிவு.
ஓட்டைத்தோல் ஆறினால் வலை பதிந்ததுபோல் தழும்பு நிற்கும்.
நிற்கட்டும்.
பஞ்சுக் குச்சியை நடுவிலிருந்து ஓரத்துக்கு உருட்டினேன்.
ஒவ்வொரு துளையிலும் சிவப்பு எட்டிப்பார்த்து
வழிந்து போனது.
பஞ்சுப் பொதி வைத்து இறுக்கித் தைத்தோம்.

இப்போது மணி இரண்டேகால்.
துணியில் ஒரு கறை,
குற்றி அளவுகூட இல்லை.
பேனை சட்டைப்பையில்தான் இருக்கிறது.
போனை எடுத்தேன்.
அந்தப் பக்கம் மணி அடிக்கிறது, எடுக்கிறார் இல்லை.
பதினாறாம் கட்டிலில் றெஜினோல்ட்
கண்ணை மூடியபடி கட்டில் சட்டத்தை
விரலால் தட்டிக்கொண்டிருக்கிறான்,
ஒவ்வோர் இடமாக,
காதைக் கிட்டக் கொண்டுபோய்.