ஏழாம் வகுப்பு, பி பிரிவு

அரையாண்டுத் தேர்வுக்கு இரண்டு நாள் இருந்தது.
கக்கநல்லா சோதனைச் சாவடி தாண்டி
வெங்காய லாரியில், தார்ப்பாய்க்கு அடியில் வந்தவர்களை
கூடலூரில் எங்கள் பள்ளிக்கூடத்தில் இறக்கினார்கள்.

தாசில்தார் ஆபீசில் படிவம் தீர்ந்துவிட்டது.
என் வருகைப் பதிவேட்டிலேயே எழுதச் சொன்னார்கள்.
முப்பத்தெட்டுப் பிள்ளைகளுக்குக் கோடு போட்ட பக்கத்தில்
நூற்றுப் பதினொரு பேர்.
கடைசிப் பெயர்களை ஓரத்தில் செங்குத்தாக எழுதினேன்.

எதை எடுத்து வந்தீர்கள் என்று
எந்தக் கட்டமும் கேட்கவில்லை. அவர்களாகச் சொன்னார்கள்.
குக்கர், மூடி இல்லாமல்.
சீட்டு நோட்டு. பணம் ஊரெல்லாம்.
அருளப்பன் இன்சுலினை எடுத்திருந்தார்,
ஊசி அங்கேயே.

விடியலில் உறைந்த தேங்காயெண்ணெய்ப் புட்டியைக்
கவிழ்த்துக் கவிழ்த்துப் பார்த்து
'இதுவும் வரமாட்டேங்குதே' என்றாள் ஒருத்தி.
எல்லோரும் சிரித்தார்கள்.
எல்லோரும் நிறுத்தியபிறகும் அவள் நிறுத்தவில்லை.

கழிப்பறை நான்கு. ஒன்றுக்கும் தாழ்ப்பாள் இல்லை.
இரவில் பெண்கள் மூவர் மூவராகப் போனார்கள்,
ஒருத்தி உள்ளே, இரண்டு பேர் கதவாக.

முனிரத்தினத்துக்கு எட்டு வயது.
ஜன்னல் கம்பிகளை எண்ணிக்கொண்டிருந்தான்:
ஒந்து, எரடு, மூரு, நால்கு...
அம்மா பாய்ந்து வாயைப் பொத்தினாள்.
அங்கே தமிழுக்குப் பொத்திய அதே கை.
'இங்க எண்ணலாம்மா, ஒண்ணும் ஆகாது' என்றேன்.
அவன் விரல்களை மட்டும் மடக்கினான், சத்தமில்லாமல்.
கணக்கு வாத்தியார் நான்.
விடை சரியாகத்தான் இருந்தது.

பதினோராம் நாள்
மாதேஸ்வரி ஒரு மஞ்சள் பையோடு வந்தாள்.
உள்ளே பச்சை ரவிக்கை.
இடக்கை மிஷினில் தைத்தது,
வலக்கை இங்கே கையால். பச்சை நூல் கிடைக்கவில்லை.
'பங்கஜாக்ஷியம்மாது சார், நஞ்சன்கூடு.
தையில அவங்க பொண்ணுக்கு நிச்சயம்.'
மிஷின்?
'எரிஞ்சிருச்சு. இது கையில இருந்துச்சு.'
யார் எரித்தது என்று நான் கேட்கவில்லை.
கேட்காததே கேட்டுவிட்டது போல
'லாரிக்குக் காசு குடுத்தது அந்தம்மாதான்' என்றாள்.
கொஞ்ச நேரம் கழித்து,
'அவங்க பையன் எங்க நின்னான்னும் பாத்தேன்.'

போஸ்ட் ஆபீசில் எடை போட்டார்கள்.
பெறுநர் முகவரியைக் கன்னடத்தில் எழுதினாள்,
ஓர் எழுத்தும் தடுமாறாமல்.
அனுப்புநர் என்ற இடத்தில் பேனா நின்றது.
பள்ளிக்கூடம் திங்கட்கிழமை திறக்கிறது.
இவர்களை எங்கே கொண்டுபோவதென்று
கலெக்டர் ஆபீசில் இன்னும் முடிவாகவில்லை.
'எழுதாம விட்டா வாங்க மாட்டீங்களா?'
'திரும்பி வந்தா யார்கிட்ட குடுக்குறது?' என்றார் கவுண்டர்க்காரர்.

அவள் குனிந்து எழுதினாள்.
எட்டிப் பார்த்தேன். எனக்கு அந்த எழுத்து தெரியாது.
பெறுநரில் இருந்த கடைசி மூன்று வரிகள்
அனுப்புநரில் அப்படியே இருந்தன.
கதவு எண் மட்டும் வேறு.

கவுண்டர்க்காரருக்கும் கன்னடம் தெரியாது.
முத்திரையை மையில் ஒற்றி
இரண்டு முறை குத்தினார்.