இந்தப் பெயர் ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது

பதினோரு வருடம் நடந்த உலகத்தை
ஞாயிறு நள்ளிரவில் அணைத்தார்கள்.
கடைசி நிமிடத்தில் சந்தைச் சதுக்கத்தில்
எல்லோரும் குதித்துக்கொண்டிருந்தோம்,
வேறென்ன செய்வதென்று தெரியாமல்.
பிறகு ஒரு சாம்பல் பெட்டி:
இணைப்பு துண்டிக்கப்பட்டது.

திங்களன்று லியெபாயாவின் ஒரே டிராம் தடத்தில்
வழக்கம்போல வண்டி ஓட்டினேன்.
பால்டிக் காற்று கம்பியைப் பிடித்து உலுக்கியது.

இரவு ரைட்டிஸின் சமையலறையில் கூடினோம்,
அடுத்து எதற்குள் போவதென்று முடிவுசெய்ய.
ஜிந்த்ரா கம்பு ரொட்டியை நறுக்கிக்கொண்டே சொன்னாள்:
ரத்தம் தெறிக்கிற எதுவும் வேண்டாம்,
ஆய்வகத்தில் பகல் முழுக்க அதுதான்.
அக்ரிஸுக்கு மீன்பிடிக்க இடம் வேண்டும்.
துறைமுகத்தில் மீன்பெட்டி இறக்குகிறவன்
இரவில் பொய்யாற்றில் பொய்த்தூண்டில் போட்டு உட்கார்ந்திருப்பான்.
கேட்டால், "இது நாறாது" என்பான்.

கொரியாவில் செய்த ஒன்று:
முகத்துக்கு மட்டும் நூற்று நாற்பது பொத்தான்,
எதைத் திருகினாலும் அதே அழகுதான் வந்து நிற்கிறது.
விண்வெளியில் ஒன்று:
கப்பலுக்குக் காப்பீடு எடுக்கவேண்டும், வரி கட்டவேண்டும்.
கணக்கன் ரைட்டிஸின் கண்ணில் ஆசை தெரிந்தது,
மவுஸைப் பிடுங்கிக்கொண்டோம்.
இலவசம் என்றொன்று. குதிரை இலவசம், சேணத்துக்குக் காசு.
இன்னொன்று தொண்ணூற்று நான்கு ஜிபி.
அக்ரிஸ் வீட்டு இணைப்பில் அது இறங்குவதற்குள்
உருளைக்கிழங்கு நட்டுத் தோண்டியே எடுத்துவிடலாம்.

எனக்கு ஒன்றே ஒன்று.
பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பதில்
இரண்டாம் பாதியைப் பிழைப்பாகக் கொண்டவள் நான்.
எல்லார் முதுகும் தெரிகிற இடத்தில் நின்று
யாருடைய சிவப்புக் கோடு தேய்கிறதென்று பார்த்து
வெளிச்சம் எறிவேன்.
சண்டையின் முகத்தை நான் பார்த்ததில்லை.
இப்போது வருகிறவற்றில் வைத்தியரே கிடையாது,
அவரவர் புட்டி அவரவர் இடுப்பில்.

பிறகுதான் ஜிந்த்ரா கேட்டாள்:
ஐந்தாம் ஆளுக்கு யார் சொல்வது?

ஏழாம்நகம்.
வில். மைக் இல்லை, அல்லது குரல் இல்லை,
அல்லது பக்கத்து அறையில் யாரோ தூங்குகிறார்கள்.
ஆறு வருடத்தில் தட்டிய சொற்கள்:
சரி, வலப்பக்கம், ஓடு.
ஆணா பெண்ணா தெரியாது, எந்த நாடென்று தெரியாது.
முகவரி அந்த உலகத்தில்தான் இருந்தது.

ரொட்டி தீர்ந்தது. முடிவு ஆகவில்லை.

வீட்டுக்கு வந்து, தூக்கம் பிடிக்காமல்,
யாரும் சிபாரிசு செய்யாத சின்ன ஒன்றை,
ஓட்டைக் கணினியிலும் ஓடுகிற ஒன்றை இறக்கினேன்.
மரங்களை அட்டையில் வெட்டி நட்டிருந்தார்கள்.
வைத்தியர் உண்டு. ஆறும் உண்டு.
கூடு விட்டுக் கூடு பாய்வதற்கு முன்
பெயர் கேட்டது.
சாம்பல்நாரை என்று அடித்தேன்.
இந்தப் பெயர் ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது.

எவள் அவள்?
எரிச்சலில் அக்ரிஸின் பெயரைப் போட்டேன். எடுக்கப்பட்டுவிட்டது.
ஜிந்த்ராவுடையதும்.
ரைட்டிஸின் அந்த அசட்டுப் பெயர்,
பூமியில் இன்னொருவன் வைத்துக்கொள்ளமாட்டான்,
எண்பதுகிலோமுயல்:
எடுக்கப்பட்டுவிட்டது.

டிராம்13 என்று ஏதோ போட்டு நுழைந்தேன்.
மணி மூன்று பத்து.
ஊர் வாசலில், முதல் நிலையில், வெறுங்காலோடு
சாம்பல்நாரை நின்றிருந்தது.
பக்கத்தில் போய்க் குதித்தேன்.
அதுவும் குதித்தது.

யார் நீ?

வெகுநேரம் கழித்து எழுத்து வந்தது.
ஒரு கணக்கில் நான்கு பெயர்தான் விடுகிறார்கள்.
உன்னுடையதை அழிக்கிறேன், உடனே எடு.
மற்ற மூவரையும் சீக்கிரம் வரச்சொல்.

உன் பெயர்?

நீ எடுத்தால்தான் எனக்கு இடம்.

நான் எதையும் தட்டுவதற்குள்
நாரை மறைந்தது.
வெளியே வந்து, பெயர்க் கட்டத்தைத் திறந்து
அவசரத்தில் றகரம் போட்டுவிட்டேன்.
அழித்து, மறுபடி.
ஐந்து இருபதுக்கு முதல் வண்டி எடுக்கவேண்டும்.